ஏழு கிலோ நானூறு

மெலிஸ் எனக்குத் தரவேண்டியிருந்தது இருபத்து மூவாயிரத்து எழுநூறு சோம்.

பெட்டைக் குதிரை விற்ற பாக்கி அது. தொண்ணூறாயிரத்துக்குப் பேசி முடித்தோம். அறுபத்தாறாயிரத்து முந்நூறு என் கைக்கு வந்துவிட்டது. மீதியை நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் கட்டவேண்டும். கட்டாவிட்டால் குதிரை என் கொட்டகைக்குத் திரும்பிவிடும், அவர் அதுவரை கொடுத்ததை நான் முடிந்தபோது கொடுப்பேன் என்று பேச்சு. முடிந்தபோது என்றால் எப்போது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விற்கும்போது அது மூன்று வருஷமாகச் சினை பிடிக்காத குதிரை. அவர் வீட்டுக்குப் போன முதல் வசந்தத்திலேயே பிடித்துவிட்டது. சினைக் குதிரை சந்தையில் ஒன்றரை லட்சம் போகும். ஒரு கல்யாண வீட்டில், கறித்தட்டைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது மெலிஸ் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஷைலோ, மூணு வருஷம் உன் வீட்டுல இருந்துச்சே, ஏன் பிடிக்கல தெரியுமா? உன் மூஞ்சியைப் பார்த்தா எந்தப் பொட்டைக்குடா ஆசை வரும்?"

பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் எனக்கு ஆறு வயது மூத்தவர். பைக்கே, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கம் பைக்கே என்று அழைத்தவரிடம் சண்டை போட முடியாது. சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றையிலிருந்து எனக்குப் பணம் வேண்டாம், குதிரைதான் வேண்டும் என்று இருந்தது.

அவருக்கோ அந்தக் குதிரையை விட்டால் வேறு வழியில்லை. அவர் மனைவி கன்ஷாயிம் கோடையில் நெடுஞ்சாலை ஓரம் உட்கார்ந்து, போகிற வருகிற கார்களுக்கு குமிஸ் விற்பவள். இரண்டு வருஷமாக அடுத்தவர் வீட்டுக் குதிரைப்பாலை வாங்கிப் புளிக்கவைத்து விற்றதில் கைவலிதான் மிச்சம். சொந்தக் குதிரை குட்டி போட்டால் சொந்தப் பால். அதற்காகத்தான் மெலிஸ் ஆட்டை விற்றார், தையல் மெஷினை விற்றார், என்னிடம் அறுபத்தாறாயிரத்து முந்நூறைக் கொட்டினார்.

அக்டோபரில் தாஷ்தான்பெக் காட்டாட்டுக் கிடா வேட்டைக்குச் சுமையாள் எடுக்கிறான் என்று தெரிந்தது. வெளிநாட்டுக்காரர்களை மலைக்கு அழைத்துப்போவது அவன் தொழில். என்னைவிடச் சின்னவன், ஆனாலும் பெரியவர் சின்னவர் பார்க்கமாட்டான், எல்லோரும் அவனுக்கு 'நீ'தான். நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சோம், எட்டு நாள், இருபதாயிரம். எனக்கு முதல் நாளே சொல்லி வைத்திருந்தான். மெலிஸ் கேள்விப்பட்டு, விடியற்காலையில் மூட்டையோடு அவன் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்.

வழக்கமான வேட்டை என்றால் குதிரையில் போவோம். இந்த முறை வந்தவன் குதிரை வேண்டாம் என்றான். வேர்னர் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், கம்பி மாதிரி உடம்பு. எல்லாம் முதுகில்தான், கால்நடையாகத்தான் என்பது அவன் கொள்கை. ஆகவே எல்லாவற்றையும் எடை போட்டான். தாஷ்தான்பெக்குக்கு அது பிடித்துப்போயிற்று. கம்பளி நிறுக்கிற கொக்கித் தராசை லாரியின் பின்கதவில் தொங்கவிட்டு, ஒவ்வொரு பையாக மாட்டினான். தராசைப் படிக்கிற வேலை எனக்கு.

வேர்னர் சட்டைக் கழுத்தில் தைத்திருந்த துணிச்சீட்டுகளைக்கூடக் கத்தரித்துவிட்டு வந்திருந்தான். அவன் கூடாரம் தொள்ளாயிரம் கிராம். கரண்டி ஊதினால் பறக்கும்.

"இங்க பாருடா, பல்லு விளக்குற பிரஷைப் பாதியா அறுத்துட்டு வந்திருக்கான்" என்றான் தாஷ்தான்பெக்.

"பல்லைப் பிடுங்கிட்டு வந்திருந்தா முழு பிரஷும் மிச்சம்" என்றார் மெலிஸ், ஓரத்தில் நின்றபடி.

வேர்னர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டான். உங்கள் அறிவைப் பாராட்டுகிறார்கள் என்று தாஷ்தான்பெக் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் சொன்னான். வேர்னர் நெஞ்சில் கைவைத்து மெலிஸுக்கு நன்றி சொன்னான்.

வேர்னர் தூக்குவது பதினொன்று. பொதுச் சாமான் முதலில் நாற்பத்தெட்டு கிலோ வந்தது. அரிசி குறைந்தது, பானை ஒன்று குறைந்தது, மண்ணெண்ணெய் குறைந்தது. முப்பத்தெட்டில் வந்து நின்றது. தாஷ்தான்பெக் பதினாலு, நான் இருபத்துநாலு. கணக்கு முடிந்தது.

"மெலிஸ், நீ வீட்டுக்குப் போ. உனக்குத் தூக்க ஒண்ணும் இல்ல."

"திரும்பி வரும்போது கிடாத்தலையை யாருப்பா தூக்குவா? கொம்பு, தோலு, தலை, இருபது கிலோவுக்குக் குறையாது. உன் மாமியார் வந்து தூக்குவாளா?"

தாஷ்தான்பெக் யோசித்தான். அது நியாயம்தான். ஆனால் இரண்டு நாள் வேலைக்கு எட்டு நாள் கூலி கொடுக்கவேண்டும். அதோடு, ஒரு ஆள் கூடினால் அந்த ஆளின் படுக்கை, சாப்பாடு, எல்லாம் எடை.

"சரி. உன் சொந்தச் சாமான் எட்டுக் கிலோவுக்கு மேல இருக்கக்கூடாது. போகும்போது ஷைலோ சுமையில பாதி உனக்கு. ஷைலோ, மாட்டு."

மாட்டினேன். பதின்மூன்று தொள்ளாயிரம்.

மெலிஸ் குந்தி உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார். கெட்டில் போயிற்று. கைக்கோடாலி போயிற்று. கன்ஷாயிம் சுட்டுக் கொடுத்த ரொட்டிகளை முற்றத்து நாய்க்குப் போடாமல் தாஷ்தான்பெக் மனைவியின் கையில் கொடுத்தார். மாற்றுக் கால்சட்டை, கொழுப்பு டப்பா. மறுபடி மாட்டினேன். எட்டு கிலோ. ஆட்டுத்தோல் கோட்டு நாலு முந்நூறு, விரிக்கிற கம்பளம் ஒன்று எழுநூறு, மதியத்துக்குத் தின்ன வறுத்த மாவு, தயிர் உருண்டை, குடிக்கிற கிண்ணம் எல்லாம் சேர்த்து இரண்டு.

"சரியா இருக்கு" என்றார் மெலிஸ்.

"காலைக் காட்டு" என்றான் தாஷ்தான்பெக்.

அவர் காலில் பழைய ராணுவ பூட்ஸ். அதைக் கழற்றச் சொன்னான். இரண்டு கிலோ முந்நூறு.

"வேர்னர் சொல்றாரு, காலுல இருக்குற எடை முதுகு எடைக்கு அஞ்சு மடங்கு. ஷைலோ, அஞ்சால பெருக்கு."

"பதினொண்ணரை" என்றேன்.

"கேட்டியா? பதினொண்ணரைக் கிலோவைக் காலுல கட்டிக்கிட்டு வர்றே. பாதி வழியில உக்காந்துருவே. அப்புறம் உன்னையும் சேர்த்துத் தூக்கணும்."

மெலிஸ் என்னைப் பார்த்தார். "ஷைலோ, நான் மலையில உக்காந்து நீ எப்பவாவது பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. நான் தராசைப் பார்த்துக்கொண்டே, "தராசு என்ன சொல்லுதோ அதைத்தான் நான் சொல்லமுடியும் பைக்கே" என்றேன்.

அவர் கம்பளிக் காலுறையோடு வீட்டு வாசலுக்கு நடந்து போய், அங்கே கிடந்த ரப்பர் காலோஷ் ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு வந்தார். தொழுகைக்கும் கழிப்பறைக்கும் போட்டுக்கொண்டு போகிற காலோஷ். தாஷ்தான்பெக்கின் அப்பாவுடையது.

"அறுநூறு கிராம்கூட இருக்காது. ஏறலாமா?" என்றார்.

தாஷ்தான்பெக் விழுந்து விழுந்து சிரித்தான். வேர்னர் காலோஷைத் தொட்டுப் பார்த்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். இப்படியாக மெலிஸ் வேலைக்கு வந்தார். இருபதாயிரம் உறுதியாயிற்று. பாக்கி மூவாயிரத்து எழுநூறுக்குத்தான் அவருக்கு வழி தெரியவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது. மூவாயிரத்து எழுநூறு குறைந்தாலும் குறைவு குறைவுதான், குதிரை என்னுடையதுதான்.

மூன்று நாள் ஏறினோம். நாலாம் நாள் கிடாக்களைப் பார்த்தோம், காற்று திரும்பி அவை போய்விட்டன. மெலிஸ் காலோஷோடு எங்களுக்கு முன்னால் போனார், ஈரப்பாறையில் மட்டும் பூனை மாதிரி நாலு காலால் போனார். போகும்போதெல்லாம் பேச்சு. என் மூஞ்சியைப் பற்றி, என் மனைவி என்னைக் கட்டிக்கொண்ட துரதிர்ஷ்டத்தைப் பற்றி, வரப்போகிற குட்டிக்கு என் பெயரை வைக்கலாமா என்பதைப் பற்றி.

"ஷைலோன்னு கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்புவீங்க. அதுதான் சங்கடம்."

ஐந்தாம் நாள் மதியம் வேர்னர் சுட்டான். நல்ல தூரம். பதினொரு வயதுக் கிடா, கொம்பு என் கையை நீட்டினால் அதைவிடக் கொஞ்சம் கூட. மெலிஸ்தான் முதலில் போய்ச் சேர்ந்து, பிஸ்மில்லா சொல்லிக் கழுத்தை அறுத்தார். தோலை உரித்தோம். தலையும் கொம்பும் தோலும் இருபத்தொரு கிலோ. மேற்கே வானம் சாம்பலாகிக்கொண்டிருந்தது.

"தலையையும் தோலையும் எடுங்க. இறைச்சி கிடக்கட்டும். பனி வருது" என்றான் தாஷ்தான்பெக்.

மெலிஸின் கத்தி நின்றது. "கிடக்கட்டுமா?"

"வேர்னர் இறைச்சியை ஊருக்குக் கொண்டுபோக முடியாது. நம்ம நாலு பேர் சுமையும் கணக்கா இருக்கு. கழுகு தின்னட்டும்."

"தாஷ்தான்பெக், உயிரை எடுத்துட்டு இறைச்சியைப் போட்டுட்டுப் போனா பாவம். அதை விடு. கீழ போறப்ப எவனாவது எதிர்ல வந்து ஷிரால்கா சொன்னா எதைக் குடுப்பே? கொம்பையா?"

வேட்டையிலிருந்து திரும்புகிறவனை வழியில் பார்த்தவன் ஷிரால்கா என்று சொன்னால் அவனுக்குப் பங்கு கொடுத்தாகவேண்டும். தெரிந்தவன் தெரியாதவன் கிடையாது. கொடுக்காதவன் கைக்கு மறுபடி வேட்டை அகப்படாது என்பார்கள். அகப்படுகிறதோ இல்லையோ, ஊரில் தலை நிமிர்ந்து நடக்கமுடியாது.

"எவன் வர்றான் இந்தக் குளிர்ல" என்றான் தாஷ்தான்பெக்.

மெலிஸ் என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் என்னிடம் குரலைத் தாழ்த்தியது அதுதான் முதல் தடவை.

"ஷைலோ. மூவாயிரத்து எழுநூறுக்கு இறைச்சியா எடுத்துக்குவியா?"

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் குதிரையின் மேல் எனக்கிருந்த ஆசை வெளியே தெரிந்துவிடும். அதற்குள் அது தாஷ்தான்பெக் காதில் விழுந்துவிட்டது. அவனுக்கு வேடிக்கை வேண்டும்.

"எடுத்துக்கலாம். ஆனா ஒரு கிராம்கூட எடை ஏறக்கூடாது. உன் சாமான்ல எவ்வளவு எறியுறியோ அவ்வளவு இறைச்சி. ஷைலோ, இவன் மூட்டையை மாட்டு."

கொம்பை நிறுக்கவென்று கொண்டுவந்திருந்த தராசைத் துப்பாக்கியில் மாட்டி இரண்டு பேர் பிடித்தோம். கோட்டு நாலு முந்நூறு. கம்பளம் ஒன்று எழுநூறு. மாவு, தயிர் உருண்டை, கிண்ணம், மிச்சம் ஒன்று நானூறு. மொத்தம் ஏழு கிலோ நானூறு.

நான் மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். பிறகு விலை சொன்னேன்.

"கிலோ ஐந்நூறு, பைக்கே."

ஏழு கிலோ நானூறுக்கு மூவாயிரத்து எழுநூறு. அவர் உதடு அசைந்தது, அவரும் கணக்குப் போட்டார். எல்லாவற்றையும் எறிந்தால் சரியாக இருக்கும். எதையாவது வைத்துக்கொண்டால் குறையும்.

நகரத்தில் இந்த இறைச்சியை மருந்து என்று கிலோ ஆயிரத்து இருநூறுக்கு வாங்குகிற ஆட்கள் உண்டு. நான் இரண்டு முறை விற்றிருக்கிறேன். அந்த விலையைச் சொல்லியிருந்தால் மூன்று கிலோ நூறு போதும். கம்பளத்தையும் மாவையும் எறிந்துவிட்டுக் கோட்டை வைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அந்தக் கணக்கும் அப்போதே தெரியும்.

"அறுநூறு வையேன்" என்றார்.

"எலும்போட சேர்த்தா ஐந்நூறே அதிகங்க."

"எலும்பு இல்லாம எடுத்துத் தர்றேன்."

"எலும்பு இல்லாமத்தான் ஐந்நூறு."

தாஷ்தான்பெக்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சிரித்து. "கோட்டை எறியமாட்டான் பாரு. கிழவனுக்கு உசிரு மேல ஆசை" என்றான். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் மெலிஸ் யோசித்திருப்பாரோ என்னவோ. அவர் கோட்டை மடித்தார். துவைத்த துணியை மடிப்பதுபோல ஓரம் பார்த்து மடித்து, பாறை இடுக்கில் வைத்து, மேலே கல் வைத்தார். கம்பளத்தையும் வைத்தார். மாவைக் காற்றில் தூவினார். தொடையிலிருந்தும் முதுகிலிருந்தும் எலும்பில்லாமல் அறுத்துச் சாக்கில் போட்டு, தராசில் மாட்டச் சொன்னார். முள் ஏழு கிலோ ஐந்நூறில் நின்றது. நூறு கிராமை அறுத்து எடுத்துக் கழுகுக்கு வீசினார்.

வேர்னர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நடக்கிறது என்று கேட்டான். இவரும் எடை குறைக்கக் கற்றுக்கொண்டார் என்றான் தாஷ்தான்பெக். வேர்னர் மெலிஸின் தோளைத் தட்டினான்.

அன்று ராத்திரி கணவாய்க்கு இந்தப் பக்கம், ஆட்டுக்காரர்கள் கட்டிவைத்த கல் மறைப்புக்குள் தங்கினோம். வேர்னர் தொள்ளாயிரம் கிராம் கூடாரத்துக்குள் போய்விட்டான். நாங்கள் மூவரும் ஒரு தார்ப்பாயின் கீழே. குளிர் பூஜ்யத்துக்குப் பதினெட்டு டிகிரி கீழே போனது என்று வேர்னரின் கைக்கடிகாரம் மறுநாள் சொன்னது. மெலிஸ் இரண்டு சட்டையோடு கிடந்தார். கொஞ்ச நேரம் குட்டிக்கு என் பெயர் வைப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு நின்றது. பிறகு அவர் கால் என் கோட்டின் ஓரத்தைத் தேடி வந்தது.

"ஷைலோ. காலை மட்டும் உள்ள வச்சுக்கிறேன்."

நான் தூங்குகிறவன் மாதிரி மூச்சு விட்டேன். என் கோட்டு பெரிய கோட்டு, இரண்டு பேருக்குக் காணும். கால் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, பிறகு போய்விட்டது. சாக்கை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. இறைச்சிக்குள் காலை வைத்துக்கொண்டார்போல. காலையில் இறைச்சி கல்லாகியிருந்தது. காலை வெளியே எடுக்க அவர் சாக்கைப் பாறையில் அடிக்கவேண்டியிருந்தது.

ஏழாம் நாள் காலோஷ் காலில் ஏறவில்லை. தாஷ்தான்பெக் ஓரத்தைக் கத்தியால் கீறிவிட்டான். "எங்கப்பா காலோஷு. ஞாபகம் வச்சுக்க" என்றான். மெலிஸால் கிடாத்தலையைத் தூக்கமுடியவில்லை. அதுவும் என் முதுகில் ஏறியது. இறைச்சிச் சாக்கை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு கழியை ஊன்றிக்கொண்டு குதிகாலாலேயே நடந்தார். வாய் மட்டும் குறையவில்லை.

"வேர்னர்கிட்ட சொல்லுங்கடா, கால் விரலு பத்தும் எடையே தெரியல. அவரு கண்டுபிடிக்காத வித்தை."

எட்டாம் நாள் மதியம் பள்ளத்தாக்கின் வாயில் வைக்கோல் வண்டிப் பாதை தெரிந்தது. அங்கிருந்து லாரி நிற்கும் இடம் நாலு கிலோமீட்டர். அப்போதுதான் எதிரே ஒருவன் குதிரையில் வந்தான். எங்கள் ஊர்க்காரன் இல்லை. நல்ல உடம்பு, நரித்தோல் தொப்பி, குதிரைக்கு வெள்ளிப்பூண் போட்ட சேணம். கொம்பைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான்.

"ஷிரால்கா!" என்று கத்தினான், வாயெல்லாம் பல்லாக.

தாஷ்தான்பெக் என்னைப் பார்த்தான். நான் மெலிஸைப் பார்த்தேன். மெலிஸ் கழியை ஊன்றியபடி நின்றார். சாக்கு அவர் முதுகில் இருந்தது.

"ஷைலோ, இந்த இறைச்சி உன்னது. விலை பேசி முடிச்சாச்சு. நீ என்ன சொல்றியோ அது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். விலை பேசியாயிற்று, எடை போட்டாயிற்று. என்னுடையது என்று நான் சொன்னால், ஒரு துண்டு அறுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு போகலாம். கடனும் தீர்ந்துவிடும்.

"என் வீட்டு வாசல்ல வந்து இறங்குனாத்தாங்க என்னது. வழியில இருக்கிற வரைக்கும் உங்களது."

மெலிஸ் என் முகத்தையே பார்த்தார். முதல் முறையாக என் மூஞ்சியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சாக்கை இறக்கி, வாயை அவிழ்த்து, கத்தியை எடுத்தார். அதற்குள் வேர்னர் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். படம் எடுக்கிறான் என்று தெரிந்ததும் தாஷ்தான்பெக்குக்குப் பெரிய மனசு வந்துவிட்டது. சாக்கை அப்படியே தூக்கி, குதிரைக்காரனின் சேணத்தின் முன்னால் வைத்தான்.

"முழுசா எடுத்துக்குங்க பைக்கே! எங்க வேட்டை, உங்க பங்கு!"

குதிரைக்காரன் வேண்டாம் வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டான். எங்கள் குழந்தைகளுக்கெல்லாம் நீண்ட ஆயுள் கேட்டான். வேர்னருக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் இப்படி ஒரு வழக்கம் எங்கும் இல்லை என்றானாம்.

"ஏன்யா, என்னைச் சாலை வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போயேன். காலு சரியில்ல" என்றார் மெலிஸ் குதிரைக்காரனிடம்.

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான், முன்னால் சாக்கைப் பார்த்தான். "பாரம் ஏறிப்போச்சே" என்றான், உண்மையிலேயே வருத்தமாக. குதிரையைத் தட்டிவிட்டான்.

"அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு எடை போட" என்றார் மெலிஸ். நாலு கிலோமீட்டரும் நடந்தார்.

லாரியடியில் காலோஷை அறுத்து எடுத்தோம். காலுறையோடு ஏதோ கொஞ்சம் வந்தது. நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். வேர்னர்தான் பார்த்தான். அவன் முகம் வெளுத்து, இந்த மனுஷன் எட்டு நாள் இதைப் போட்டுக்கொண்டா வந்தான் என்று தாஷ்தான்பெக்கிடம் கத்தினான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது அவனுக்கு மறந்துவிட்டது. பிறகு லாரிப் படியில் உட்கார்ந்து, தன் பூட்ஸைக் கழற்றி, மெலிஸின் மடியில் வைத்தான். அழுதான். செருப்போடுதான் விமானம் ஏறினான்.

தாஷ்தான்பெக் கூலி கொடுத்தான். எனக்கு இருபத்தையாயிரம், மெலிஸுக்குப் பதினையாயிரம். கடைசி இரண்டு நாள் அவர் சுமையை நான் தூக்கினேன், ஆகவே அந்த ஐயாயிரம் எனக்கு. அவன் கணக்கில் தப்பு இல்லை.

மெலிஸை மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடது காலில் ஐந்து விரலும், வலது காலில் மூன்றும் எடுத்தார்கள்.

நவம்பர் ஒன்றாம் தேதி நான் தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். குதிரை முற்றத்தில் நின்றது. வயிறு பக்கவாட்டில் தள்ளியிருந்தது. என்னைத் தெரிந்துகொண்டு காதை முன்னால் நீட்டியது. அதன் கழுத்தைத் தடவிவிட்டு உள்ளே போனேன்.

மெலிஸ் மெத்தை மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் தலையணை மாதிரி கட்டு. கன்ஷாயிம் என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள், தேநீர் ஊற்றினாள். கிண்ணம் நிறைய ஊற்றினாள். எங்கள் வழக்கத்தில் அது, குடித்துவிட்டுச் சீக்கிரம் போ என்று சொல்வது.

"உக்காருடா. கயிறு புதுசா? எவ்வளவு எடை?" என்றார் மெலிஸ்.

"உடம்பு எப்படி இருக்குங்க பைக்கே?"

"அரைக்கிலோ குறைஞ்சிருக்கேன்."

கன்ஷாயிம் பதினையாயிரத்தை எண்ணி மேஜைத்துணி மேல் வைத்தாள். எண்ணிப் பார்த்துக்கொண்டேன். சரியாக இருந்தது. பாக்கி எட்டாயிரத்து எழுநூறு. அவள் எழுந்து போய், துணியில் சுற்றி வைத்திருந்த எதையோ கொண்டுவந்து பணத்தின் பக்கத்தில் வைத்தாள். வேர்னரின் பூட்ஸ். அடிப்பகுதியில் சேறுகூட இல்லை, அவள் ஊசியால் நோண்டித் துடைத்திருந்தாள்.

"எட்டாயிரத்து எழுநூறுக்கு இது" என்றாள்.

"ஜெங்கே, பேச்சு பணத்துக்குத்தான். பணமா இல்லன்னா குதிரை" என்றேன். அண்ணியை எங்கள் பக்கம் ஜெங்கே என்போம்.

"மலையில இறைச்சிக்கு ஒத்துக்கிட்டேல்ல? இறைச்சிக்கு ஒத்துக்கிட்டவன் தோலுக்கு ஒத்துக்கமாட்டியா?" அவள் குரல் உயரவில்லை. "ஊர்ல கேக்கட்டுமா? கல்யாண வீட்டுல, கறித்தட்டைச் சுத்தி உக்காந்திருக்கிறவங்ககிட்ட? கிலோ என்ன விலை வச்சேன்னு?"

நகரத்து விலை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குமிஸ் வாங்குகிற கார்க்காரர்கள் எல்லாம் பேசுவார்கள். மெலிஸுக்கும் தெரிந்திருக்கிறது.

"கேக்கவேண்டாம்" என்றார் மெலிஸ். "அவன் பூட்ஸைப் போட்டுப் பார்க்கட்டும். சரியா இருந்தா எடுத்துக்கட்டும், இல்லன்னா குதிரையை ஓட்டிட்டுப் போகட்டும்."

அந்த பூட்ஸ் வேர்னர் ஊரில் நாற்பதாயிரம் சோமுக்கு மேல் என்று தாஷ்தான்பெக் எனக்கு லாரியிலேயே சொல்லியிருந்தான். கேட்டால் பதினையாயிரத்துக்குத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொல்லியிருந்தான். நான் என் பூட்ஸைக் கழற்றினேன். கன்ஷாயிம் என் காலைப் பார்த்தாள். பத்து விரலும் இருந்தன. காலை நுழைத்தேன். எனக்கென்று அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. சின்னதாக இருக்கக்கூடாதா என்று ஒரு நொடி நினைத்தேன்.

"சரியா இருக்கா?" என்றார் மெலிஸ்.

"இருக்குங்க."

"அப்ப?"

"தீர்ந்துச்சு."

"சத்தமாச் சொல்லு. அவ காதுல விழட்டும்."

"கடன் தீர்ந்துச்சு பைக்கே. ஒரு சோம்கூடப் பாக்கி இல்ல."

பழைய பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். தலைக்கயிறு தரையில் கிடந்தது. அதையும் குனிந்து எடுத்தேன். வாசலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"பார்த்துப் போ ஷைலோ. காலுல இருக்குறது முதுகுல இருக்குறதுக்கு அஞ்சு மடங்கு."

முற்றத்தில் குதிரை மறுபடி காதை நீட்டியது. நான் அதைப் பார்க்காமல் வேலியைத் திறந்துகொண்டு நடந்தேன். காலில் எடையே தெரியவில்லை.